நீளும் கைக்கு என்ன கொடுப்பது?

ஆடி மாதம் சேலம் கோட்டை மாரியம்மன் கோயில் வாசலில் பாருங்கள். கையேந்தி உட்கார்ந்திருக்கும் பாட்டி பக்கத்தில் மதியத்துக்குள் நாலைந்து சோற்றுப் பொட்டலம் சேர்ந்துவிடும். காசு கொடுத்தால் குடித்துவிடுவார்கள் என்று ஆளாளுக்குச் சோறாகவே வாங்கித் தருகிறார்கள். புழுக்கத்தில் சாம்பார் சாதம் சாயங்காலத்துக்குள் ஊசிப்போகும், ராத்திரிக்குப் பட்டினி. விடிந்தால் கட்டணக் கழிப்பிடத்துக்குக் காசு வேண்டும். மாத்திரை, சோப்பு, டீ எல்லாவற்றுக்கும் வேண்டும்.

அதனால் வயதானவர்களுக்கும் உடம்பு முடியாதவர்களுக்கும் காசாகவே கொடுங்கள். பத்து ரூபாய் நாணயம் மட்டும் வேண்டாம். செல்லும் என்று ரிசர்வ் வங்கி எத்தனை முறை சொன்னாலும் வாங்காத கடைகள் நம் பக்கம் நிறைய. நாம் சண்டை போட்டு மாற்றிவிடுவோம், அவரால் முடியுமா? தாளாகக் கொடுங்கள், இல்லையென்றால் ஐந்து ரூபாய் நாணயம் இரண்டாக. சாப்பாடுதான் வாங்கித் தருவேன் என்றால், "சாப்ட்டீங்களா, என்ன வேணும்?" என்று முதலில் கேளுங்கள். பல் இல்லாதவருக்குப் பரோட்டா எதற்கு? இட்லி போதும். ராத்திரிக்கு எடுத்து வைக்கிற மாதிரி வேண்டுமென்றால் புளிச்சாதம் தாங்கும். மார்கழியில் ஏற்காட்டில் என்றால் சோற்றைவிடக் கம்பளி முக்கியம்.

குழந்தை கை நீட்டினால் காசு கூடவே கூடாது. வரும்படி இருக்கிறவரை அந்தப் பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்ப மாட்டார்கள். குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்து இடம், நேரம், சட்டை நிறம், கூட யார் நிற்கிறார் என்று சொல்லுங்கள். பிள்ளையைப் பிச்சையெடுக்க வைப்பவருக்கு, 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி 5 ஆண்டு வரை சிறை. படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள்.

மனநலம் குன்றித் திரிபவரைக் கண்டால் போலீஸுக்குச் சொல்லுங்கள். 2017 மனநலச் சட்டப்படி அவரை 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போய்க் காட்டுவது அவர்கள் கடமை.

உண்மையில் பெரிய உதவி, மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகைக்கு மனுப் போட்டுத் தருவதுதான். 60 வயது ஆகியிருக்க வேண்டும், ஆதரவற்றவராக இருக்க வேண்டும். ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகத்தோடு இ-சேவை மையத்துக்குக் கூட்டிப் போங்கள். சிக்கல் வருவது இரண்டு இடத்தில். சம்பாதிக்கும் மகன் பெயர் ரேஷன் கார்டில் இருந்தால், கவனிக்க ஆள் இருக்கிறது என்று மனுவைத் தள்ளிவிடுவார்கள். மகன் கைவிட்டதை கிராம நிர்வாக அலுவலரிடம் நேரில் சொல்ல வையுங்கள். கூலி வேலை செய்த கைகளில் ரேகை தேய்ந்திருக்கும், இயந்திரம் ஏற்காது. ஆதார் மையத்தில் கருவிழிப் பதிவு கேளுங்கள். அரை நாள் ஆகும், அவரை உட்கார வைத்துவிட்டு வரிசையில் நீங்கள் நில்லுங்கள்.