ஷேக்கர் பெட்டி: வேலைக் குறிப்புகள்

ஜனவரி 6

ஷேக்கர்கள், அதாவது பிரம்மச்சரியம் காத்துக் கூட்டாக வாழும் கிறித்தவச் சபையார், செய்த மரப்பெட்டியின் வேலை இது. இன்று பட்டை வளைப்பு. 1/16 அங்குல மேப்பிள் பட்டை. ஒரு முனையில் விரல்கள், அதாவது விரல்போலப் பிரித்து வெட்டிய நாக்குகள். மறுமுனையைக் காகிதம்போல மெலிதாக இழைக்க வேண்டும், இல்லையேல் பெட்டிக்குள் மேடு தட்டும். வெந்நீரில் இருபது, முப்பது நிமிடம் ஊறினால் போதும். எடுத்ததும் ஒரே மூச்சில் அச்சில் சுற்றிவிட வேண்டும். கை தயங்கினால் சூடு ஆறி, விரலின் அடியில் விரிசல் விடும். துளைகள் முன்பே போட்டிருக்க வேண்டும். ஆணி செம்புதான், இரும்பு ஈரமரத்தில் கறை ஏற்றும். மூடிக்கான பட்டையைப் பெட்டியின் மேலேயே சுற்றிக் காயவிட்டால்தான் மூடி கச்சிதமாக உட்காரும்.

விரல்களை அலங்காரம் என்று நினைப்பவர்கள் அதிகம். பட்டையை முழு அகலத்தில் மடித்து ஆணி அடித்தால், ஈரக்காற்றில் மரம் உப்பி, வறட்சியில் சுருங்கி, ஆணிகளுக்கு நடுவே பிளக்கும். விரல் விரலாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் தனியே அசைந்துகொள்ளும்.

ஜனவரி 8

பட்டை காய்ந்துவிட்டது. பெட்டியின் அடியில் வைக்கும் பைன் தட்டின் ஓரத்தை லேசாகச் சாய்த்து இழைத்து, அழுத்திப் பொருத்தி, சிறு மரமுளை அடித்தாயிற்று. கோந்து கூடாது; தட்டு அசைய வழியில்லாமல் பிளந்துவிடும்.

அமெரிக்காவின் மேன் மாநிலத்தில் உள்ள சபாத்டே லேக் என்ற ஷேக்கர் ஊரில் சகோதரர் டெல்மர் வில்சன் 1923-இல் 1,083 கைப்பிடிப் பெட்டிகளை அடுக்கிவைத்து நிற்கும் படம் இருக்கிறது. சகோதரிகள் அவற்றுக்குப் பட்டுத்துணி உள்தைத்து, தையல் பெட்டிகளாக விற்றார்கள். சபைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த காலம் அது.

ஜனவரி 11

"கல்யாணம் கட்டாததால் அழிந்தார்கள்" என்று ஷேக்கர்களின் கதையை ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அவர்களின் தலைவி ஆன் லீ 1774-இல் எட்டுப் பேரோடு இங்கிலாந்திலிருந்து நியூயார்க்கில் இறங்கியபோதும் பிரம்மச்சரியம்தான். அடுத்த எழுபது, எண்பது ஆண்டுகளில் அவர்கள் ஆயிரக்கணக்கில் பெருகினார்கள். புதியவர்கள் வந்த வழிகள் அடைபட்டதுதான் சிக்கல். மத எழுச்சிக் கூட்டங்களின் வேகம் தணிந்தது. ஆதரவற்ற குழந்தைகளுக்கு வேறு இல்லங்கள் வந்தன. வளர்த்த பிள்ளைகளிலும் பெரும்பாலோர் பெரியவர்களானதும் கிளம்பிவிட்டார்கள். ஆலைச் சரக்கு விலையை உடைத்தது. இளைஞர்கள் கூலி தேடி வெளியே போனார்கள். ஆண்கள் குறைந்ததால் வயலுக்குக் கூலியாள் வைத்தார்கள், பிறகு நிலத்தையே விற்றார்கள்.

ஜனவரி 14

ஷேக்கர் ஊர்களில் மவுண்ட் லெபனான் 1947-இல் மூடியது, ஹான்காக் 1960-இல். கேன்டர்பரியின் கடைசிச் சகோதரி எத்தல் ஹட்சன் 1992-இல் மறைந்தார். இம்மூன்று ஊர்களையும் அருங்காட்சியகமாகப் பார்த்துப் பழகியவர்கள் ஷேக்கர்களை இறந்தகாலத்திலேயே எழுதுகிறார்கள். அது தவறு, வருத்தமும் தருகிறது. 2017-இல் சகோதரி பிரான்சிஸ் கார் காலமானபின் சபாத்டே லேக்கில் இருவரே மிஞ்சினாலும் வழிபாடு நிற்கவில்லை. 1799-இல் தொடங்கிய மூலிகை வியாபாரத்தின் பெயரில் இன்றும் அங்கே மூலிகை காயவைத்து, டப்பாவில் அடைத்து விற்கிறார்கள்.