குவாதலூப்பில் வந்த குழம்பு வாசம்

கரீபியன் கப்பல் பயணம் முடிந்து பினாங்கு திரும்பி மூன்று வாரமாகிறது, பார்க்கிறவர்கள் எல்லாரும் கப்பல் சாப்பாடு எப்படி என்றுதான் கேட்கிறார்கள். எனக்குச் சொல்ல ஆசையெல்லாம் கரையில் இறங்கிச் சாப்பிட்டதைப் பற்றித்தான்.

பார்படோசில் பறக்கும் மீனும் கூக்கூவும். கூக்கூ என்பது சோள மாவில் வெண்டைக்காய் போட்டுக் கிண்டுவது, கிட்டத்தட்ட நம் களி. செயின்ட் லூசியாவில் இரட்டை பித்தோன் மலைகள். பெரியதே 798 மீட்டர்தான், நம் பினாங்குக் கொடிமலையைவிடக் குறைவு, ஆனால் கடலிலிருந்து செங்குத்தாக எழுவதால் கப்பல் தளத்தில் நின்று அண்ணாந்து பார்க்கவேண்டியிருந்தது.

அப்புறம் குவாதலூப். பிரெஞ்சுக்காரர்களின் தீவு. புவாந்தா பித்ர் துறைமுகத்திலிருந்து சந்தைக்கு நடந்தே போய்விடலாம். அங்கே சில பெண்கள் தலையில் கட்டியிருந்த கட்டம் போட்ட துணிக்குப் பெயரே மதராஸ். ஒரு மேசையில் மஞ்சள் பொடிப் பொட்டலங்கள். அம்மா ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்தார். மல்லி, சீரகம், வெந்தயம், கடுகு, மஞ்சள். "டேய், இது நம்ம கொழம்புப் பொடிடா!"

பெயர் கொலோம்போ. குழம்பு என்ற சொல்தான் அப்படி ஆனது என்கிறவர்களும் உண்டு, கொழும்பு நகரத்தின் பெயர் என்கிறவர்களும் உண்டு. அம்மாவுக்கு இதில் சந்தேகமே இல்லை. 1854 முதல் புதுச்சேரி, காரைக்கால் பக்கமிருந்து கப்பலேற்றப்பட்டவர்கள் இங்கே கரும்புத் தோட்டங்களுக்கு வந்தார்கள். என் தாத்தாவும் ரப்பர்ப் பால்மரம் வெட்ட மலாயாவுக்குக் கப்பலேறி வந்தவர்தான், அதனால் அந்தச் சந்தையில் எனக்குச் சட்டென்று பேச்சு வரவில்லை.

டாக்சி பேசிக்கொண்டு காப்பெஸ்தேர் போனோம். வழியெல்லாம் வாழைத் தோட்டம், வலப்பக்கம் மேகத்துக்குள் சூஃப்ரியேர் எரிமலை. பெரிய சாலையோரமாகவே வண்ணச் சிலைகளோடு ஒரு கோயில்! மாரியம்மனை அங்கே மாலியேமின் என்கிறார்கள். பினாங்கு கியூன் ஸ்திரீட் மாரியம்மனைச் சின்ன வயதிலிருந்து கும்பிட்டு வளர்ந்த அம்மா, செருப்பைக் கழற்றிவிட்டு வெகுநேரம் கைகூப்பி நின்றார்.

மதியம் ஆட்டுக்கறி கொலோம்போவும் சோறும். இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

போன ஞாயிறு அம்மா அந்தப் பொடியிலேயே கறி சமைத்தார். பெரியம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, "வாசம் நம்ம வாசந்தான்டி, உறைப்புதான் பத்தல" என்றார். "பொடியில மிளகா இல்லக்கா, பச்சை மிளகாயை முழுசாப் போட்டு, உடையாம வெளிய எடுத்துடுவாங்களாம்" என்றார் அம்மா. பெரியம்மா எழுந்து போய் நான்கு மிளகாயைக் கீறிக் கொண்டுவந்து சட்டியில் போட்டார்.