கொக்குவில் பட்டறையில் ஒரு பழைய சிஎன்சி லேத்

ஜனவரி 5, 2025, ஞாயிறு

பட்டறையின் பின்மூலையில் மூன்று வருடமாகப் படங்குக்குக் கீழே கிடந்த சிஎன்சி லேத்தை, கம்பியூட்டர் ஓட்டும் கடைசல் மெஷினை, இன்று திறந்தோம். எண்பதுகளின் ஜப்பான் மெஷின். கொழும்பில் ஏலத்தில் எடுத்தது, ஏ9 வழியே லொறியில் வந்து இறங்கிய நாளிலேயே அதன் மூளையான கன்ட்ரோல் செத்திருந்தது. நினைவகத்தைத் தாங்கிய பற்றரி ஏதோ ஒரு களஞ்சியத்தில் தீர்ந்துபோக, பராமீற்றர் எல்லாம் அதோடு போய்விட்டது. எந்த ஸ்குரூ ஒரு சுற்றுக்கு எவ்வளவு நகரும், எல்லை எங்கே, ஒன்றும் மெஷினுக்கு ஞாபகமில்லை.

மாமா சிரித்தார். "தொண்ணூறுகளில நாங்கள் பற்றரிக்கு அலைஞ்சது காணாதெண்டு இதுவும் பற்றரியாலதான் செத்ததோ?" போர்க்காலப் பொருளாதாரத் தடையில் டோர்ச் பற்றரிகூட யாழ்ப்பாணத்துக்கு வராது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட தலைமுறை அவருடையது.

உளி ஓடும் தளமான பெட்டின் மேல் இறுகிப்போன எண்ணெயை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, நீளத்துக்கு நகத்தை ஓட்டிப் பார்த்தார். எங்கும் மாட்டவில்லை. பிறகு முன்பக்கம் வந்து தேடினார். "கை வைக்கிற சில்லு எங்கையடா?" கைச்சில்லு இருந்த இடத்தில் ஒரு ஓட்டைதான் இருந்தது.

ஜனவரி 11

கபினெற்றைப் பிரித்தோம். உள்ளே இரண்டு பல்லி எலும்புக்கூடு. வயர் ஒவ்வொன்றிலும் எண் போட்ட குழாய் இருக்கிறது, அந்தக் காலத்து ஜப்பான்காரர் வாழ்க. வெட்டாதே, கழற்று என்று மாமா பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தார். கழற்ற முதல் படம், கழற்றிய பின் படம், கொப்பியில் எண். முழுநாளும் இதுதான்.

மெஷினுக்கு வேண்டியது 200 வோல்ட் மூன்று பேஸ், எங்கள் லைனில் வருவது 400. உள்ளே இருக்கிற ட்ரான்ஸ்போமரில் அதற்கான இணைப்பு இருக்கிறது. அதைத் தொடவில்லை.

ஜனவரி 14

பொங்கல். மெஷினுக்கும் சந்தனம் வைத்தார்கள். வேலை இல்லை.

ஜனவரி 19

முடிவெடுத்தாயிற்று. மோட்டரையும் ட்ரைவையும் கழற்றி எறியச் சொல்லிப் பலர் ஆலோசனை தந்தார்கள். எனக்கு விருப்பமில்லை. பழைய டிசி சேர்வோ மோட்டர் நல்லாய்த்தான் ஓடுகிறது, ட்ரைவ் ±10 வோல்ட்டைக் கேட்டு அதற்கேற்ற வேகத்தில் அதைச் சுற்றவைக்கிறது. செத்தது தலை மட்டும்தான், தலையைத்தான் மாற்ற வேண்டும்.

தலைக்கு லினக்ஸ்சிஎன்சி என்ற மென்பொருள். அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனத்தில் ஆராய்ச்சித் திட்டமாக ஆரம்பித்தது, இப்போது யாரும் இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம். கம்பியூட்டருக்கும் மெஷினுக்கும் நடுவில் ஈதர்நெட்டில் பேசும் மேசா கார்ட் ஒன்று. ஒரு கந்தோர் மூடும்போது விற்ற கம்பியூட்டரில் ஏற்றிவிட்டு, வீடியோ ஓடவிட்டு, நாலைந்து ஜன்னலைத் திறந்து இழுத்துக்கொண்டே தாமதச் சோதனை செய்தேன். ஒரு மில்லிசெக்கனுக்கு ஒரு தடவை தவறாமல் கணக்குப் பார்க்க வேண்டும், அதில் பிந்தினால் உளி பிந்தும். இந்தப் பழசு பிந்தவில்லை.

பெப்ரவரி 9, ஞாயிறு

இதை விரிவாக எழுதிவைக்க வேண்டும்.

உளியைக் குறுக்கே நகர்த்தும் எக்ஸ் அச்சை முதல்தடவையாக உயிர்ப்பித்தோம். மாமாவின் விரல் சிவப்பு பட்டனில், என் கை கீபோர்டில். இயக்கு என்று அமர்த்தினேன். அச்சு ஒரு கணம் நின்றது, பிறகு பேய் பிடித்ததுபோலப் பின்னுக்குப் பாய்ந்தது. மாமா பட்டனில் குத்தினார். டப்! சத்தம் நின்றது. மேலே ரியூப் லைற்றும் நின்றது, காற்றாடியும் நின்றது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். மெயினையே எரித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். ஓடிப்போய்ப் பியூஸைப் பார்த்தால் எல்லாம் சரி. வெளியே வந்தால் முன்வீட்டு அன்ரி கேற்றடியில், "உங்கடையிலயும் கறண்ட் இல்லையோ?" றோட்டிலேயே இல்லை. அரைமணியில் போனில் செய்தி வந்தது: முழு இலங்கையிலும் இல்லை. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று ட்ரான்ஸ்போமரில் தொட்டதாம், அமைச்சரே சொல்கிறார். "நல்லகாலம், குரங்கில போட்டுட்டாங்கள்" என்றார் மாமா.

அச்சு பாய்ந்ததற்குக் காரணம் குரங்கல்ல, நான்தான். மோட்டர் சுற்றியதை எண்ணிச் சொல்லும் என்கோடரின் குறி தலைகீழ். முன்னே போ என்றால் மோட்டர் முன்னே போகிறது, கன்ட்ரோல் பின்னே போனதாக எண்ணி இன்னும் உந்துகிறது, அது இன்னும் ஓடுகிறது. இப்படி ஓடும்போது தானாக வெட்டிவிடத்தான் பின்தங்கல் எல்லை என்று ஒன்று இருக்கிறது. அதை நான் தொல்லை என்று பெரிதாகப் போட்டு வைத்திருந்தேன். மடத்தனம். இரவு கறண்ட் வந்ததும் முதலில் அதைக் குறைத்தேன், பிறகுதான் குறியை மாற்றினேன்.

பெப்ரவரி 11

நேற்றும் இன்றும் ஒன்றரை மணிநேர மின்வெட்டு. நுரைச்சோலை அனல்மின் நிலையம் இன்னும் எழும்பவில்லை. கறண்ட் இல்லாத நேரத்துக்கு ஏற்ற வேலை ஸ்குரூ அளப்பது. மோட்டர்த் தண்டில் பேனாவால் கோடு போட்டு, மாமா கையால் ஒரு சுற்றுச் சுற்ற, டயல் கேஜை நான் பார்த்தேன். நீளத்துக்கு ஓடும் இசட் 10 மில்லிமீற்றர். எக்ஸ் 6. என்கோடர் 2500 கோடு, கோட்டுக்கு நாலு எண்ணிக்கை, நாலால் பெருக்கினால் சுற்றுக்கு 10,000 எண்ணிக்கை. இசட்டில் ஒரு எண்ணிக்கை சரியாக ஒரு மைக்ரோன். எக்ஸில் மில்லிமீற்றருக்கு 1666.667, அழகில்லாத எண், ஆனாலும் வேலை செய்யும்.

பிறகு திருப்பிச் சுற்றி ஆட்டத்தைப் பார்த்தோம். இசட்டில் 0.02, எக்ஸில் 0.05. "நாற்பது வருசத்துக்கு உது ஒண்டுமில்லை, என்ர முழங்காலில கூட ஆட்டம்" என்றார்.

பெப்ரவரி 23

மரை வெட்டினோம். சரியாக வரவில்லை.

மரைக்கு, இரும்பைப் பிடித்துச் சுற்றும் ஸ்பின்டில் எங்கே நிற்கிறது என்று கன்ட்ரோலுக்குத் தெரிந்தாக வேண்டும். சுற்றுக்கு ஒரு தடவை வரும் அடையாளத் துடிப்பைப் பார்த்துத்தான் ஒவ்வொரு வெட்டும் ஒரே பள்ளத்தில் இறங்கும். எங்கள் எம்20 மரையில், புரிக்குப் புரி 2.5 மில்லிமீற்றர், முதல் இரண்டு வெட்டு நல்லாய் இறங்கியது. மூன்றாவது பக்கத்தில் புதுப்பள்ளம் தோண்டியது. மரை வெட்டும் கட்டளையான ஜி76க்குக் கொடுத்த எண்களை ஒரு மணிநேரம் மாற்றி மாற்றிப் பார்த்தேன். மாமா இரும்பைக் கையிலெடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். "உன்ர எண் பிழையெண்டா எல்லா வெட்டும் பிழைக்கும். இது நடுவில ஆரோ கூப்பிட்டுத் திரும்பிப் பார்த்த மாதிரி இருக்கு."

அதேதான். ஸ்பின்டில் மோட்டரை ஓட்டும் இன்வேர்ட்டரின் மின் இரைச்சல் என்கோடர் வயரில் ஏறி, இல்லாத துடிப்பை இருப்பதாகக் காட்டுகிறது. இரண்டு வயரையும் ஒரே குழாயில் விட்டவன் நான். பிரித்து, கவச வயர் போட்டு, கவசத்தை ஒரு முனையில் மட்டும் ஏர்த் பண்ணினேன். பிறகு வெட்டிய ஆணியில் கடைநட் விரலால் ஓடியது.

மார்ச் 2

எட்டு உளி சுமக்கும் டரெட். ஐந்தாவதைக் கேட்டால் ஒன்றாவது நிற்பதாகச் சொல்கிறது, ஆறை இரண்டு என்கிறது. எண்ணை ஒன்று, இரண்டு, நான்கு என்று கூட்டித்தான் சொல்கிறது, அதில் நான்கு என்ற பிட்டின் சென்சர் செத்திருக்கிறது. அரைமணி வேலை.

மார்ச் 9

ஓட்டையில் கைச்சில்லு பூட்டினேன். சுற்றுக்கு நூறு கிளிக், கிளிக்குக்கு 0.01 மில்லிமீற்றர். மாமாவைத்தான் முதலில் கூப்பிட்டேன். ஒரு கிளிக் தட்டினார், டயல் கேஜ் 0.04 காட்டியது. இதிலும் கிளிக்குக்கு நாலு எண்ணிக்கை, நாலால் பிரிக்க மறந்துவிட்டேன்.

திருத்தினேன். மயிலிட்டியிலிருந்து வந்த வள்ளக்காரருக்கு வெண்கலப் புஷ் ஒன்று வேண்டும், 35 மில்லிமீற்றர் வெளிவிட்டம். புரோகிராம் எழுதுகிறேன் என்றேன். "ஒண்டுக்கு என்ன புரோகிராம்?" என்று மாமா சில்லில் கைவைத்தார். கண்ணைத் திரையில் வைக்கவில்லை, காதை உளியில் வைத்திருந்தார். கடைசி வெட்டுக்குக் கிளிக்கை உதட்டால் எண்ணினார், இரண்டு, மூன்று, நிறுத்தினார்.

மைக்ரோமீற்றரைப் போட்டேன். 34.97.

"மூண்டு கிளிக் எண்டா ரெண்டு பக்கமும் சேர்ந்து விட்டத்தில ஆறு" என்றார், எனக்குச் சொல்வதுபோல அல்ல. "ஒண்டரை தட்டியிருக்க வேணும்."

"அரைக் கிளிக் இல்லை மாமா."

"வைச்சுத் தா."

அடுத்த புஷ்ஷுக்குள் 0.001 படிக்கு ஒரு சுவிட்ச் பூட்ட வேண்டும். வள்ளக்காரர் முதலாவதைக் குப்பையில் போட விடாமல் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறார்.