பின்னால் திரும்பாத அண்ணன்

இன்று காலை ஆறரைக்கே பீளமேடு போய்விட்டேன். எனக்கு முன்பே தன்னார்வலர்கள் வந்து, தரையில் டேப் ஒட்டி, மாற்றுத்திறனாளிகள் ஆடும் பந்து ஆட்டமான போச்சியாவுக்குக் களம் போட்டுக்கொண்டிருந்தார்கள். 12.5 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம்.

சிவப்பில் 6 பந்து, நீலத்தில் 6, வெள்ளையில் ஒன்று. வெள்ளைக்கு நெருக்கமாகப் பந்தை நிறுத்துபவருக்குப் புள்ளி. 1984 முதல் பாராலிம்பிக்கில் இருக்கும் ஆட்டம். நம்ம பக்கம் பலருக்கும் பேரே தெரியவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

கையை அசைக்க முடியாத தம்பி ஒருவன், சாய்தளத்தில் வைத்த பந்தைத் தலையில் கட்டிய குச்சியால் தள்ளுகிறான். சாய்தளத்தைப் பிடிப்பவர் சோமனூரில் தறி ஓட்டும் ஓர் அண்ணன். ஆட்டம் நடக்கையில் அவர் களத்தைத் திரும்பிப் பார்க்கக் கூடாது, விதி அப்படி. "இடதுல... இன்னும் கொஞ்சம்ணா" என்று தம்பி சொல்லச் சொல்ல நகர்த்துகிறார்.

கடைசி நீலப் பந்து மெதுவாக உருண்டு வெள்ளையில் ஒட்டி நின்றது. தம்பி முகம் மலர்ந்ததைப் பார்த்தே அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. "ஒட்டீருச்சா கண்ணு?" என்றவருக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

சேலம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் 2016 ரியோ பாராலிம்பிக்கில் தங்கம், அப்புறம் டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம் என்று உயரம் தாண்டி வாங்கினார். இங்கே வரும் அம்மாக்கள் எல்லோருக்கும் அந்தக் கணக்கு மனப்பாடம்.

அடுத்த ஞாயிறு சக்கர நாற்காலிகளை வேனில் ஏற்றி இறக்க ரெண்டு பேர் வேணுங்க. முடிந்தவர்கள் என்னிடம் சொல்லுங்க.