தலைக்கு மேலே வந்து திரும்பிய விமானம்

வாகைக்குளத்தில் ஒரு விமான நிறுவனத்தின் தரைப்பணியில் இருந்தேன். பெயர் தூத்துக்குடி விமான நிலையம். திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி 1986-லேயே தனி மாவட்டமாகப் பிரிந்துவிட்டாலும் பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம் பக்கத்து ஆட்களுக்கும் அதுதான் கிட்டத்து நிலையம்.

அன்று சென்னையிலிருந்து வரவேண்டியது ஏடிஆர் விமானம்; எழுபது சொச்சம் பேர் ஏறலாம். புரொப்பெல்லர் சத்தம் கேட்டதும் வெளியே காத்திருந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். இரண்டு சுற்று சுற்றிவிட்டு அது வடக்கே போய்விட்டது. ஃபிளாப் இறங்கவில்லை, மதுரைக்குப் போகிறார்கள் என்று எங்களுக்குத் தகவல் வந்தது.

"தொழில்நுட்பக் காரணத்தால் விமானம் மதுரைக்குத் திருப்பி விடப்பட்டுள்ளது." சொல்லிக்கொடுத்த வாசகத்தை அப்படியே சொன்னேன். கூட்டம் அப்படியே உறைந்துவிட்டது. சேரன்மகாதேவியிலிருந்து வந்திருந்த ஓர் அண்ணாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை சில்லிட்டிருந்தது.

"தம்பி, எங்க அண்ணன் தவறிட்டாவ. அவுக மவன் அதுலதான் வாரான். மூணு மணிக்கு எடுக்கணும். புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதுல்லா?"

அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, என் உள்ளங்கையை இறக்கை மாதிரி நீட்டி, விரல்களைக் கீழே மடக்கிக் காட்டினேன். இறக்கையின் பின்பக்கம் இப்படி மடங்கும் பலகைதான் ஃபிளாப். அது இறங்கினால்தான் விமானம் மெதுவாக வந்து தரையைத் தொட முடியும். இறங்காவிட்டால் வேகமாகத்தான் வரவேண்டும். வேகமாக வந்தால் நிற்க நீளம் வேண்டும். அப்போது எங்கள் ஓடுபாதை 1,350 மீட்டர்தான். மதுரையில் ஏறத்தாழ 2,300.

"அப்ப எடம் பத்தாதுன்னுதான் போறாங்களா?"

"ஆமா அண்ணாச்சி."

"அவ்வளவு தூரத்துக்கு எண்ணெ இருக்குமா?"

மாற்று நிலையம் வரை போகவும், அங்கேயும் அரை மணி நேரம் சுற்றவும் எரிபொருள் இல்லாமல் விமானம் கிளம்பாது என்றேன். பிடி தளர்ந்தது. சுற்றி நின்றவர்களும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது. விமானி ஆபத்தை விட்டு விலகித்தான் போகிறார். நாங்கள் சொன்ன வாசகமோ ஆபத்து வந்துவிட்டது போலக் கேட்டது.

விமானம் மதுரையில் நல்லபடியாக இறங்கியது. தீயணைப்பு வண்டிகள் ஓடுபாதையோரம் தயாராக நின்றனவாம், தேவைப்படவில்லை. பயணிகளுக்குப் பேருந்து ஏற்பாடாகியிருந்தது. எல்லோரும் ஏறிக் கிளம்பத் தாமதமாகும். அங்கிருந்த சக ஊழியரிடம் பேசி, அந்தப் பையனை முதல் ஆளாக வெளியே அனுப்பி, கார் பிடித்துவிடச் சொன்னேன். நான்குவழிச் சாலையில் மூன்று மணி நேரம் ஆகும். அண்ணாச்சி ஊருக்குப் போன் போட்டார்: "பொழுதடையுறதுக்குள்ள எடுத்தாப் போதும். புள்ள வரட்டும்."

இப்போது வாகைக்குளம் ஓடுபாதை 3 கிலோமீட்டருக்கு மேல் நீண்டுவிட்டது. 2025-இல் புதிய முனையமும் திறந்தாயிற்று. அன்றைக்கு இருந்தது அந்தச் சின்ன ஓடுபாதைதான்.

ராத்திரி எட்டு மணி வாக்கில் அண்ணாச்சி கூப்பிட்டார். "எல்லாம் முடிஞ்சுது தம்பி. அவன்தான் கொள்ளி வச்சான்."