மேல் தண்ணீர் ஒரு பக்கம், அடித்தண்ணீர் ஒரு பக்கம்: வெள்ளாற்று முகத்துவாரத்தில் நான்காவது முறை

தை அமாவாசைக்கு மறுநாள் காலை 10:05க்கு, பரங்கிப்பேட்டை வெள்ளாற்று முகத்துவாரத்தில் இரண்டரைக் கிலோ கொடுவா ஒன்று ஏறியது. சேலத்திலிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர் போய் மூன்று முறை வெறும் பையோடு திரும்பியவன் நான். மீனைவிட அது கடித்த நேரம்தான் எனக்குப் பெரிது. பத்து மணியை ஒட்டித்தான் கடிக்கும் என்று முதல் நாள் இரவே நோட்டில் எழுதி வைத்திருந்தேன்.

முதலில் ஓத அட்டவணையை, அதாவது கடல் ஏறி இறங்கும் நேரங்களின் பட்டியலை, அப்படியே நம்பினேன். இந்திய நில அளவைத் துறை வருடாவருடம் வெளியிடுவது, அதில் தப்பில்லை. ஆனால் அது சொல்வது நீர்மட்டத்தை. ஏற்றம் உச்சிக்கு வரும் நேரமும் ஓட்டம் நிற்கும் நேரமும் ஒன்றல்ல. முகத்துவாரம் குறுகல். வெளியே கடல் இறங்கத் தொடங்கிய பிறகும் உள்ளே உப்பங்கழி நிறைந்து முடிந்திருக்காது. இரண்டு மட்டமும் சமமாகும்வரை தண்ணீர் உள்ளேதான் போகும். சரி, அந்தத் தாமதத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டேன். பாதி நீர் நிரப்பிய பாட்டிலை விட்டு, 20 மீட்டரை எத்தனை விநாடியில் கடக்கிறது என்று பார்த்தேன். அப்படியும் இறால் இரை போகவேண்டிய பக்கம் போகாமல் என் காலடிக்கே திரும்பி வந்தது.

வலை உதறிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர்தான் சொன்னார்: "தம்பி, மேல் தண்ணி போகுது, அடித்தண்ணி இன்னும் வந்துக்கிட்டிருக்கு." மழைக்காலம் முடிந்த கையோடு ஆற்று நீர் லேசானது, மேலே மிதந்து கடலுக்கு ஓடும். உப்பு நீர் கனம், அடியில் நுழையும். என் பாட்டில் காட்டியது மேல் ஓட்டத்தை. ஈயக்குண்டு கட்டிய இரை கிடந்தது அடியில்.

ஆகவே அடியோட்டத்தைப் பார்க்க ஒரு கருவி செய்தேன். 30 சென்டிமீட்டர் சதுரத் தகடு இரண்டு, பாதிவரை வெட்டி ஒன்றுக்குள் ஒன்று சொருகினால் கூட்டல் குறி மாதிரி நிற்கும். அதைத் தொங்கவிட 2 மீட்டர் நைலான் கயிறு, மேலே மிதவையாக ஒரு லிட்டர் பாட்டில். அடியோட்டம் தகட்டைத் தள்ளும் பக்கமே பாட்டிலும் போகும். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எடைக்கு வாங்கிய துண்டு எவர்சில்வர் தகடு பாட்டிலையே அமுக்கிவிட்டது. அலுமினியத்துக்கு மாறினேன். கடையில் பாதிவரை வெட்டியே தருவார்கள், ஓரத்தை மட்டும் நன்றாக ராவிக்கொள்ளுங்கள், கயிற்றை அறுக்கும்.

என்னை வதைத்தது எடை சரிபார்ப்புதான். பாட்டிலின் கழுத்து மட்டும் வெளியே தெரியவேண்டும். கூடுதலாகத் தெரிந்தால் காற்று தள்ளிவிடும், அப்புறம் நாம் அளப்பது காற்றைத்தான். எங்கள் ஊர் மூக்கனேரியில், நல்ல தண்ணீரில், மூன்று மாலை உட்கார்ந்து கச்சிதமாகக் கொண்டுவந்தேன். பரங்கிப்பேட்டையில் இறக்கியதும் பாட்டில் தோள்வரை மேலே வந்து நின்றது. உப்பு நீர் கூடுதலாகத் தூக்கும். கழுத்து ஒல்லி என்பதால் சில கிராம் வித்தியாசமே பெரிதாகத் தெரிகிறது. 20 கிராம் குண்டு ஒன்று கட்டியதும் அடங்கியது. இப்போது வீட்டு டிரம்மில் லிட்டருக்கு 25 கிராம் கல்லுப்பு கரைத்துச் சரிபார்க்கிறேன். திறந்த கடல் என்றால் 35 போடுங்கள்.

அமாவாசை அன்று அளந்தது: உச்ச ஏற்றம் 8:40. தகடு கட்டாத பழைய பாட்டில் 9:10க்கே வெளியே திரும்பியது. தகடு 9:45வரை உள்ளே போய்க்கொண்டே இருந்தது. இந்த 35 நிமிடத்தில்தான் நான் மூன்று முறையும் தவறான பக்கம் வீசியிருக்கிறேன்.

மறுநாளுக்குக் கணக்கு எளிது. சூரியனைவிட்டுச் சந்திரன் 12 பாகை விலகினால் ஒரு திதி. ஒரு திதிக்கு ஓதம் தள்ளிப்போவது 48 நிமிடம், அதாவது சரியாக 2 நாழிகை. பஞ்சாங்கமே ஓத அட்டவணை ஆகிவிடுகிறது! அடியோட்டம் 10:33க்கு நிற்கும் என்று எழுதினேன், நின்றது 10:25. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இந்தத் தள்ளல் 48ஐவிடக் குறையும், அஷ்டமியை ஒட்டிக் கூடும். சூரியனும் கூட இழுப்பதால் வரும் வித்தியாசம் இது. அடியோட்டம் தளரும் கடைசி அரைமணியில் கடல் பக்கமாக வீசி இரையை உள்ளே மிதந்துவர விட்டேன். ஓட்டத்துக்கு எதிர்முகமாக நின்ற கொடுவா நேராக வந்து எடுத்தது.

மேட்டூரில் கட்லா பிடிக்கும் நண்பர்கள் இவ்வளவு கணக்கு எதற்கு என்கிறார்கள். அணையில் தண்ணீர் நாளுக்கு நான்கு முறை திசை மாறாது. கடலில் இது தெரியாமல் வீசுவது பெட்ரோலுக்குக் கேடு.

அஷ்டமியில் இன்னும் ஒருமுறைகூட அளக்கவில்லை. அதற்குள் பழையாறு போய்க் கொள்ளிட முகத்தில் தகட்டை இறக்கிப் பார்க்க ஆசை வந்துவிட்டது. அங்கே ஆழம் கூட, 4 மீட்டர் கயிறு வேண்டும். இரண்டாவது தகடு வெட்டக் கொடுத்திருக்கிறேன், வெள்ளிக்கிழமை வாங்கிக்கொள்வேன்.