வோட்டர் ஐடி கையில இருந்தும் ஓட்டு போட முடியாம திரும்பி வந்தேன், அடுத்த தடவை போட்டேன்

2021 ஏப்ரல் 6, சட்டசபை தேர்தல். சென்னையில இருந்து ராத்திரி பஸ் புடிச்சு ஸ்ரீரங்கத்துல அம்மா வீட்டுக்குப் போய் குளிச்சுட்டு அப்பாவோட பூத்துக்குப் போனேன். கொரோனா டைம், வாசல்லயே சானிடைசர் ஊத்தி பிளாஸ்டிக் கிளவுஸ் குடுத்தாங்க. அப்பா பேரு இருந்துச்சு, அம்மா பேரு இருந்துச்சு, என் பேரு இல்ல. கார்டை நீட்டுறேன், "கார்டு இருக்கும்மா, லிஸ்ட்ல பேரு இல்லையே, நாங்க என்ன பண்றது"ன்னு அந்த ஆபீசர் பொறுமையாதான் சொன்னாரு. கல்யாணம் ஆகி வேற ஊருக்குப் போயாச்சுன்னு பேரை எடுத்திருக்காங்க, எனக்குத் தெரியவே தெரியாது. அப்பா ஓட்டு போட்டு வர்ற வரைக்கும் அந்த கிளவுஸை கையில சுருட்டி வச்சுக்கிட்டு வேப்பமரத்தடியில நின்னேன், அழுகையே வந்துருச்சு.

கார்டுங்கிறது நாம யாருன்னு காட்டத்தான், ஓட்டு இருக்கிறது லிஸ்ட்லன்னு அன்னைக்குதான் எனக்குப் புரிஞ்சுது. இதை தெரிஞ்சவங்க எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டே இருக்கேன், கார்டு பீரோவுல பத்திரமா இருக்குன்னு நிம்மதியா இருக்காதீங்க, பேரு இருக்கான்னு பாருங்க.

2023 நவம்பர்ல எங்க வேளச்சேரி ஸ்கூல்ல லிஸ்ட்ல பேரு சேர்க்க, மாத்த சனி ஞாயிறு சிறப்பு முகாம் போட்டாங்க. என் பேரு லிஸ்ட்லயே இல்லாததால எனக்கு ஃபாரம் 6. வீட்டுக்காரருக்கு பழைய ஏரியாவுல பேரு இருந்ததால முகவரி மாத்த ஃபாரம் 8. இந்த ரெண்டையும் நிறைய பேரு குழப்பிக்கிறாங்க, பேரு எங்கயாவது இருந்தா 8, எங்கயுமே இல்லன்னா 6, அவ்ளோதான். அப்போ வோட்டர் ஹெல்ப்லைன் ஆப்லயும் போட முடிஞ்சுது, சந்தேகம்னா 1950க்கு போன் பண்ணலாம், ஆனா எனக்கு ஆள் முகத்தைப் பார்த்து குடுத்தாதான் மனசு ஆறும்.

குடுத்த கொஞ்ச நாள்லயே டிசம்பர்ல மிக்ஜாம் புயல், தெருவெல்லாம் தண்ணி, கரண்ட் இல்ல, இதெல்லாம் யாரு பார்க்கப் போறாங்கன்னு விட்டுட்டேன். தண்ணி வடிஞ்சு கொஞ்ச நாள்ல எங்க பிஎல்ஓ அக்கா (எங்க பூத் லிஸ்ட்டை வீடு வீடா சரிபார்க்கிற அலுவலர்), அங்கன்வாடியில வேலை பார்க்கிறவங்க, வீடு வீடா ஏறி இறங்கி எங்க வீட்டுக்கும் வந்துட்டாங்க. அவங்க வீட்லயும் தண்ணி புகுந்திருக்கு, ஆனாலும் வந்தாங்க. 2024 ஜனவரி 22 இறுதி லிஸ்ட் வந்தப்போ ரெண்டு பேரு பேரும் இருந்துச்சு, பாகம் எண், வரிசை எண் ரெண்டையும் காலண்டர்ல எழுதி வச்சேன்.

தேர்தல் அறிவிச்ச அப்புறம் பார்த்துக்கலாம்னு மட்டும் இருக்காதீங்க. வேட்பாளருங்க மனு தாக்கல் முடியுறதுக்கு 10 நாள் முன்னாடி வரைக்கும் குடுக்கிற ஃபாரம்தான் அந்த தேர்தலுக்கு செல்லும். 2024 லோக்சபா தேர்தலை அறிவிச்சது மார்ச் 16, மனு தாக்கல் கடைசி மார்ச் 27. கணக்கு போட்டா அறிவிச்ச மறுநாளோட கதவு சாத்திருச்சு.

ஏப்ரல் 19 ஓட்டுப்பதிவு, காலையில 7 மணிக்கே போயிட்டோம். ஒரே ஸ்கூல்ல நாலஞ்சு பூத் இருக்கும், உங்க பாகம் எண் எந்த ரூம்னு பார்த்துட்டு அப்புறம் நில்லுங்க, எங்களுக்கு முன்னாடி ஒரு பெரியவர் முக்கால் மணி நேரம் நின்னு உள்ள போனா அது வேற பூத்து, திரும்ப வேற லைன், பாவம். பூத் ஸ்லிப் மட்டும் எடுத்துட்டுப் போனா விடமாட்டாங்க, வோட்டர் ஐடி இல்லன்னா ஆதார், பான், லைசென்ஸ், பாஸ்போர்ட், போட்டோ ஒட்டின பேங்க் பாஸ்புக் ஏதாவது ஒண்ணு வேணும். போன் உள்ள கொண்டு போகக் கூடாது.

முதல் ஆபீசர் பேரையும் வரிசை எண்ணையும் சத்தமா படிப்பாரு, வேட்பாளருங்களோட ஏஜென்ட்டுங்க அவங்க லிஸ்ட்ல டிக் அடிப்பாங்க. என் பேரை அவர் படிச்சப்போ உடம்பு சிலிர்த்துருச்சு. அடுத்த ஆபீசர் இடது ஆள்காட்டி விரல்ல மை வச்சு, ரெஜிஸ்டர்ல கையெழுத்து வாங்கி ஒரு சீட்டு குடுப்பாங்க. அந்த சீட்டை வாங்கிக்கிட்டு மூணாவது ஆபீசர் அவர்கிட்ட இருக்கிற மெஷின்ல பட்டனை அமுக்கினாதான் உள்ள இருக்கிற மெஷின் நமக்குத் திறக்கும். எங்க தொகுதி தென் சென்னையில 40 வேட்பாளருக்கு மேல நின்னதால மூணு மெஷினை வரிசையா வச்சிருந்தாங்க, ஒண்ணுல 16 பேருதான் வரும், கடைசியா நோட்டா. பதறாம தேடுங்க, யாரும் விரட்டமாட்டாங்க. நீல பட்டனை அமுக்கினதும் பக்கத்துல சிவப்பு லைட் எரியும், விவிபேட்ங்கிற சீட்டு அடிக்கிற மெஷினோட கண்ணாடிக்குள்ள நீங்க போட்டவங்க பேரு, சின்னத்தோட துண்டு சீட்டு 7 செகண்ட் தெரியும், அப்புறம் பெட்டிக்குள்ள விழுந்துரும். பீப் சத்தம் கேட்கிற வரைக்கும் நகராதீங்க.

இன்னொண்ணு, உங்க பேர்ல வேற யாராவது ஏற்கனவே போட்டிருந்தா சண்டை போட்டுட்டு வீட்டுக்குப் போயிராதீங்க. டெண்டர் ஓட்டு கேளுங்க, நீங்கதான் அந்த ஆளுன்னு உறுதியானதும் பேப்பர் வாக்குச்சீட்டு குடுப்பாங்க, அது சட்டத்துல உங்களுக்கு இருக்கிற உரிமை.

சாயந்திரம் அஞ்சே முக்காலுக்கு கீழ் வீட்டுப் பையன் ஷிப்ட் முடிஞ்சு வந்தான், அவனுக்கு இதுதான் முதல் ஓட்டு. "ஆறு மணியோட முடிஞ்சிரும்க்கா, இனிமே போய் என்ன"ன்னு செருப்பைக் கழட்டப் போனான். ஆறு மணிக்குள்ள லைன்ல நின்னுட்டா போதும், கடைசி ஆள்ல இருந்து டோக்கன் குடுத்துட்டு வருவாங்க, கிளம்புடான்னு வண்டியில ஏத்திட்டு நானே போய் விட்டேன். லைன்ல 20 பேரு இருந்தாங்க, டோக்கன் வாங்கிட்டான். நான் கேட்டுக்கு வெளிய நின்னேன். ஆறே முக்காலுக்கு விரலை ஊதிக்கிட்டே வந்தான், "அக்கா, 7 செகண்டும் எண்ணிப் பார்த்தேன்"னான்.